பொம்மை நோயாளி!
நர்சுகளின் உயிரைக் காக்கும் ஒத்திகை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு நோயாளி படுத்திருக்கிறாள். பெயர் வயலட். கொடிய தொற்று நோய் என்று சந்தேகம். உடம்பெல்லாம் வேர்வை.

தலை முதல் கால் வரை கவச உடை அணிந்த நர்சு ஒருத்தி அருகே வருகிறாள். வயலட்டைச் சோதிப்பதற்காகக் குனிகிறாள். அந்த நேரம் பார்த்து வயலட் இருமுகிறாள். துளிகள் நர்சின் மீது தெறிக்கின்றன. சற்று நேரத்தில் வாந்தி! அடுத்து வயிற்றுப் போக்கு! நர்சு முகம் சுளிக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வெளியே வருகிறாள்.

வெளியே ஓர் இருட்டறை. உள்ளே போனதும் புற ஊதா விளக்கைப் போடுகிறார்கள். என்ன ஆச்சரியம்! நர்சின் உடை மீது பல நிறங்களில் புள்ளிகள் மின்னுகின்றன. இருமலுக்கு ஒரு நிறம். வாந்திக்கு ஒரு நிறம். வேர்வைக்கு ஒன்று. வயிற்றுப் போக்குக்கு ஒன்று.

பிறகு அவள் கவச உடையைக் கழற்றுகிறாள். மீண்டும் அதே விளக்கு. இப்போது அவளுடைய தோலில் ஒரு புள்ளி மின்னினாலும் போச்சு! அவள் நோயை உடம்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்று அர்த்தம்.

பயப்பட வேண்டாம். வயலட்டுக்கு நோய் எதுவும் கிடையாது. அவள் ஒரு பொம்மை! வாந்தி என்பது சாயம் கலந்த தண்ணீர். இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து மருத்துவர்களும், தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தாரும் சேர்ந்து இந்தப் பொம்மையைப் பழக்கி எடுத்தார்கள். 2018-ல் அதுபற்றி மருத்துவ உலகுக்கு அறிவித்தார்கள். அங்கே வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் வழக்கத்தில் இருந்த கவச உடைகளை வயலட்டின் முன்னால் சோதித்தபோது, கழற்றும் வேளையில் எல்லா வகை உடையிலுமே கறை படிந்ததுண்டு என்று தெரிய வந்தது.

தொற்று நோயாளியைக் கவனிப்பது எப்படி என்பதைப் புத்தகத்தில் படித்து விடலாம். கை அதைக் கற்றுக்கொள்ள வேண்டுமே! அதற்குத்தான் இந்த ஒத்திகை. நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதைப் போல, நோயாளி வருவதற்கு முன்பே நோயாளியைக் கவனித்துப் பார்க்கிறார்கள்.

நூறு வயதைத் தாண்டிய பொம்மை

நர்சுகள் பொம்மையிடம் பாடம் படிப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு என்ற சின்னஞ்சிறு மாநிலம் இருக்கிறது. அங்கே மார்த்தா சேஸ் அம்மாள் என்பவர் குழந்தைகளுக்குத் துணிப் பொம்மை செய்து விற்று வந்தார். கீழே போட்டாலும் உடையாது. தண்ணீரில் குளிப்பாட்டலாம். அதனால் நல்ல கிராக்கி.

ஹார்ட்போர்டு நகரத்து ஆஸ்பத்திரியில் நர்சு பள்ளியின் தலைவியாக இருந்தவர், "ஆள் உயரத்தில் ஒரு பொம்மை செய்து தர முடியுமா?" என்று அந்த அம்மாளைக் கேட்டார். 1911-ல் பொம்மை வந்து சேர்ந்தது. உயரம் 5 அடி 4 அங்குலம். கை கால்கள் மடங்கும். மாணவிகள் அதைத் தூக்கிப் படுக்க வைக்கவும், துடைத்து விடவும், துணி மாற்றவும் பழகினார்கள். செய்தவரின் பெயரே பொம்மைக்கும் ஒட்டிக்கொண்டது. "திருமதி சேஸ்" என்று எல்லோரும் அழைத்தார்கள். சில ஆண்டுகளில் கையில் ஊசி போட்டுப் பழகுவதற்கும் இடம் வைத்து, உள்ளே தண்ணீர்த் தொட்டி அமைத்துப் புதிய பொம்மை வந்தது.

அந்தப் பொம்மை இருமவில்லை, வாந்தி எடுக்கவில்லை. ஆனாலும் ஒரு நன்மை செய்தது. தப்பாக ஊசி குத்தினால் துடிப்பதற்கு அங்கே ஓர் உயிர் இல்லை. மாணவி தப்புச் செய்யலாம், திருத்திக்கொள்ளலாம்.

தொற்று நோய் வார்டில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே தப்பு நடந்தால் பாதிக்கப்படுவது நோயாளி மட்டும் அல்ல. நர்சும் அடுத்த கட்டிலில் படுக்க வேண்டியதுதான்.

ஐந்து ஊசிகள்

1976-ம் ஆண்டு. ஆப்பிரிக்காவில் காங்கோ நாடு. அப்போது அதற்கு ஜைர் என்று பெயர். யம்புகு என்ற கிராமத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சிறிய ஆஸ்பத்திரி இருந்தது. சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு அதுதான் கதி.

தினமும் காலையில் அங்கே நர்சுகளிடம் ஐந்தே ஐந்து ஊசிகளைக் கொடுப்பார்கள். வெளி நோயாளிகள், உள் நோயாளிகள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் அந்த ஐந்து ஊசிகள்தான்! ஒருவருக்குப் போட்டுவிட்டு வெந்நீரில் அலசி அடுத்தவருக்குப் போடுவார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஏழை ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் வசதி.

ஒரு நாள் காய்ச்சலோடு ஒருவர் வந்தார். மலேரியா என்று நினைத்து ஊசி போட்டார்கள். அதன் பிறகு, ஊசி போட்டுக்கொண்டு போனவர்கள் ஒவ்வொருவராகச் சாகத் தொடங்கினார்கள். அதுதான் எபோலா. அந்தப் பிரதேசத்தில் ஓடும் நதி ஒன்றின் பெயரை நோய்க்கு வைத்தார்கள். 318 பேருக்கு நோய் கண்டது. 280 பேர் மாண்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் 17 பேர். அவர்களில் 11 பேரை நோய் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியை இழுத்து மூடினார்கள்.

2014-ல் எபோலா மறுபடி தலைதூக்கியது. இந்தத் தடவை மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில். 28 ஆயிரம் பேருக்கு மேல் நோய். 11 ஆயிரம் பேருக்கு மேல் சாவு. வைத்தியம் பார்க்கப் போனவர்களில் 800 பேருக்கு மேல் நோய் தொற்றியது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நர்சுகளும், அவர்களுக்கு உதவி செய்பவர்களும்தான். நோயாளியின் அருகே அதிக நேரம் இருப்பது டாக்டர் அல்லவே! துடைப்பதும், கழுவுவதும், தண்ணீர் புகட்டுவதும் நர்சு வேலை.

எபோலா காற்றில் பரவும் நோய் அல்ல. நோயாளியின் ரத்தம், வாந்தி, மலம் முதலியவை நம் கண்ணிலோ, வாயிலோ, காயத்திலோ பட்டால்தான் தொற்றும். அப்படியானால் கவச உடை போட்டுக்கொண்டால் போதுமே என்று தோன்றும்.

அமெரிக்காவில் டல்லஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் அங்கே சேர்ந்தார். 2014 அக்டோபர் 8-ந் தேதி இறந்துபோனார். அவரைக் கவனித்த நர்சுகளில் இரண்டு பேருக்கு எபோலா வந்துவிட்டது! நல்லவேளையாக இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். பணத்துக்கும் கருவிக்கும் குறைவில்லாத நாட்டில் இப்படி நடந்தது எல்லோரையும் திடுக்கிட வைத்தது.

அந்த மாதமே அமெரிக்க நோய்த் தடுப்பு இலாகா புதிய விதிகளை வெளியிட்டது. நல்ல உடை கொடுத்தால் மட்டும் போதாது. அதைப் போடவும் கழற்றவும் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். பழகித் தேறியவர்களே நோயாளியின் அறைக்குள் போகலாம் என்பது அதில் முக்கியம்.

போடுவது சுலபம், கழற்றுவதுதான் ஆபத்து!

வீட்டில் மிளகாய் அரைத்துவிட்டு, மறந்துபோய் அதே கையால் கண்ணைத் தொட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். அரைக்கும்போது எரியவில்லை. கையைக் கழுவும் முன்பு கண் அரித்ததே, அப்போதுதான் ஆபத்து!

கவச உடையும் அப்படித்தான். வார்டுக்குள் இருக்கும்வரை அது காப்பாற்றுகிறது. வெளியே வரும்போது அதன் மேல்புறம் முழுவதும் நோய்க் கிருமி. அதை உரிக்க வேண்டும். உரிக்கும் கை உடம்பில் படக் கூடாது. நர்சோ களைத்துப் போயிருக்கிறாள். ஆப்பிரிக்க வெயிலில் அந்த உடைக்குள் ஒரு மணி நேரம் நிற்பதே கஷ்டம். பூட்சுக்குள் வேர்வை தேங்கும். கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே இருப்பவர் தெரியமாட்டார். எப்போது இதைப் பிய்த்து எறிவோம் என்று இருக்கும். அந்த அவசரம்தான் எமன்.

ஆகவே பயிற்சியின் பெரும் பகுதி கழற்றுவதில் போகிறது. மாணவி தன்னிஷ்டத்துக்கு எதையும் தொடக் கூடாது. எதிரே ஓர் ஆள் நிற்பார். அவருக்கு நோயாளியோடு சம்பந்தம் கிடையாது. கையில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். "கையைக் கழுவு." கழுவ வேண்டும். "முன்னங்கியின் முடிச்சை அவிழ்." அவிழ்க்க வேண்டும். "கையைக் கழுவு." மறுபடியும் கழுவ வேண்டும். ஒவ்வொரு சாமானைக் கழற்றிய பிறகும், கையுறையோடு சேர்த்துக் கையைக் கழுவியே தீர வேண்டும்.

கண்ணாடியைக் கழற்றும்போது குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, பின் பக்கத்து வாரைப் பிடித்துத் தூக்க வேண்டும். முன் பக்கத்தைத் தொட்டால் தோல்வி! அங்கியை உள்புறம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும். பாம்பு சட்டை உரிப்பதுபோல! முகமூடி கிட்டத்தட்ட கடைசியில்தான். கையுறைகள் இரண்டு ஜோடி. உள் ஜோடியைக் கழற்றும்போது வெறும் விரல் அதன் வெளிப்புறத்தில் படக் கூடாது.

வாசிக்கும்போது நமக்குச் சலிப்பாக இருக்கிறது. மாணவிகளுக்கும் முதலில் சலிப்புத்தான். அந்த மின்னும் விளக்கைப் பார்க்கும்வரை!

மணிக்கு 23 தடவை

மனிதனுடைய கை சும்மா இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில், பாடம் கேட்டுக்கொண்டிருந்த 26 மருத்துவ மாணவர்களைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். சராசரியாக ஒருவர் ஒரு மணி நேரத்தில் 23 தடவை முகத்தைத் தொட்டார்! அதில் ஏறக்குறைய பாதி, கண், மூக்கு, வாய் ஆகியவற்றில் பட்டது. 2015-ல் இந்தக் கணக்கு வெளியாயிற்று. கிருமியைப் பற்றிப் படிப்பவர்களே இப்படி என்றால், நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

அதே ஆண்டில் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் இன்னொரு சோதனை நடந்தது. நான்கு ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்தவர்களின் கையுறையிலும் அங்கியிலும் மின்னும் களிம்பைத் தடவிவிட்டார்கள். "இப்போது கழற்றுங்கள்" என்றார்கள். மொத்தம் 435 தடவை கழற்றிப் பார்த்தார்கள். 200 தடவை களிம்பு தோலிலோ துணியிலோ ஒட்டியிருந்தது! அவர்கள் புதியவர்கள் அல்ல. தினமும் கையுறை போட்டுக் கழற்றுகிறவர்கள். பழகிய கை என்பதாலேயே தப்பாகப் பழகியிருந்தது.

பிறகு ஒரு பிரிவினருக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்து, விளக்கு வெளிச்சத்தில் அவரவர் தப்பை அவரவர் கண்ணுக்கே காட்டினார்கள். பயிற்சிக்கு முன்பு 100-க்கு 60 தடவை கறை பட்டது. பயிற்சிக்குப் பிறகு அது 19-க்கு இறங்கியது. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

கொஞ்ச நேரப் பாடம், ஒரு டப்பா களிம்பு, ஒரு விளக்கு. இவ்வளவுதான் செலவு. கோடிக் கணக்கில் பணம் போட்டு வாங்கும் பொம்மையால்தான் இது முடியும் என்று சொல்வதற்கில்லை.

ஆஸ்பத்திரி போல் ஓர் ஆஸ்பத்திரி

எபோலா காலத்தில் ஒத்திகைக்காகவே பொய் ஆஸ்பத்திரிகளைக் கட்டினார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்திலுள்ள ஆனிஸ்டன் என்ற ஊரில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. ஆப்பிரிக்காவுக்குப் புறப்படுகிறவர்கள் அங்கே பழகிவிட்டுப் போனார்கள். இங்கிலாந்தில் யார்க் நகருக்குப் பக்கத்தில் ராணுவத்துக்குச் சொந்தமான பெரிய கொட்டகை ஒன்று இருந்தது. சியரா லியோனில் இவர்கள் வேலை பார்க்கப்போகும் சிகிச்சை நிலையத்தை அப்படியே அந்தக் கொட்டகைக்குள் அமைத்தார்கள். அதே வேலி. அதே வழி. நோயாளிகளாக நடிக்க நடிகர்கள் வந்தார்கள்.

இந்தப் பொய் வார்டுகளில் ஆசிரியர்கள் வேண்டுமென்றே வம்பு செய்வதும் உண்டு. திடீரென்று கூட வந்தவர் மயங்கி விழுவார். கையுறை கிழியும். குழம்பிப்போன நோயாளி நர்சின் முகமூடியைப் பிடித்து இழுப்பார். பதறாமல் என்ன செய்வது என்பதை அங்கே பழக வேண்டும். நிஜமாக நடக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

நம் நாட்டில்

நமக்குப் பக்கத்திலேயே ஒரு துயரச் சம்பவம் நடந்தது. 2018 மே மாதம் கேரளத்தில் கோழிக்கோடு பகுதியில் நிபா காய்ச்சல் பரவியது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த லினி என்ற நர்சு, நோயாளி ஒருவரைக் கவனித்தார். அது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. லினிக்கும் நோய் தொற்றியது. மே 21-ந் தேதி இறந்தார். அவருக்கு இரண்டு சிறு குழந்தைகள்.

யம்புகுவிலும் முதல் நோயாளிக்கு மலேரியா என்றுதான் நினைத்தார்கள். பேராம்பிராவிலும் சாதாரணக் காய்ச்சலாகத்தான் தெரிந்தது. நோய் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ஆகவே, பெரிய நோய் வந்த பிறகு அவசரப் பயிற்சி கொடுப்பதைவிட, மாணவியாக இருக்கும்போதே எல்லா நோயாளியிடமும் கை கழுவும் பழக்கத்தையும் கையுறைப் பழக்கத்தையும் ஊற வைப்பதுதான் புத்திசாலித்தனம். முழுக் கவசத்தைத் தினமும் போட முடியாது. ஆனால், ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் கை கழுவ முடியும். இருமும் நோயாளிக்கு முகமூடி கொடுத்துத் தனியாக உட்கார வைக்க முடியும்.

2020-ல் கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் நர்சுகள் அவசர அவசரமாகக் கவசம் போடக் கற்றார்கள். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் ஏறக்குறைய 1 லட்சத்து 15 ஆயிரம் மருத்துவ ஊழியர்கள் அந்த நோய்க்குப் பலியாகியிருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்குப் புதிய பாடத்திட்டம் கொண்டுவந்தது. அதில் ஒத்திகைக் கூடத்தில் பழகுவதும் படிப்பின் ஒரு பகுதி. கூடம் இருந்தால் போதாது. பூட்டி வைக்காமல் திறந்து வைத்து, மாணவிகள் கை சலிக்கப் பழக விட வேண்டும். புதிய பொம்மையை உறை பிரிக்காமல் அழகு பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா!

பொம்மையால் முடியாதது

பொம்மைக்குப் பயம் கிடையாது. "நான் பிழைப்பேனா அம்மா?" என்று அது கேட்காது. தொற்று நோய் வார்டில் நர்சுக்கு அதுதான் மிகக் கஷ்டமான கேள்வி.

சியரா லியோனின் தலைநகர் பிரீடவுனில் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். அங்கே தேசிய விளையாட்டு அரங்கில் எபோலா பயிற்சிப் பள்ளி ஒன்று நடந்தது. நோயாளியாக நடிக்க யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? எபோலா வந்து பிழைத்து எழுந்தவர்களை!

அந்தக் கட்டிலில் கிடந்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். தாகம் எப்படி வாட்டும், கவசம் போட்ட உருவம் அருகே வரும்போது எப்படி நெஞ்சு படபடக்கும் என்பதை அவர்கள் அனுபவித்தவர்கள். அவர்கள் அதை நடித்துக் காட்டினார்கள். ஒத்திகை முடிந்ததும் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அவர்களே ஆசிரியர்கள். எங்கே கை தவறியது என்பதோடு, எங்கே வார்த்தை தவறியது என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கூட அங்கே டாக்டருக்குப் பாடம் சொல்ல முடிந்தது.

கவச உடையில் இன்னொரு சங்கடமும் உண்டு. நர்சின் முகம் தெரியாது. சிரித்தாலும் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் பல நோயாளிகள் கடைசிவரை ஒரு மனித முகத்தைப் பார்க்காமலே கண்ணை மூடினார்கள். மேரி பெத் ஹெபர்னான் என்ற அமெரிக்கக் கலைஞர் இதைக் கேள்விப்பட்டு மனம் பொறுக்காமல் 2015-ல் லைபீரியாவுக்குப் போனார். காமிராவும், படம் அச்சடிக்கும் சிறு கருவியும், பசை தடவிய காகிதமும் கொண்டுபோனார். நர்சுகளையும் டாக்டர்களையும் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். அந்தப் படத்தைக் கவச உடையின் மார்பில் ஒட்டிவிட்டார். படுக்கையில் கிடந்தவர் அன்று முதல், தனக்குத் தண்ணீர் கொடுப்பவரின் முகத்தைப் பார்த்தார்.

உடை ஒரு தடவைதான் உதவும். கழற்றியதும் அதை எரித்துவிட வேண்டும். படமும் அதோடு போய்விடும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரே படத்தில் பல பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கொரோனா காலத்தில் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் சிலவற்றிலும் நர்சுகள் இதே போலச் சிரிக்கும் படத்தை மார்பில் ஒட்டிக்கொண்டு வார்டுக்குள் போனார்கள்.